ஆசீர்வாதம் வாங்கிய மீன்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கிர்ஷெவானுக்கு,

யெர்கா எழுதுவது. நானும் நம் பெண் நிக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். மற்றதெல்லாம் கோபம். பொறுமையாகப் படி.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் பேசித்தான் பார்த்தோமே. நான் வாயைத் திறந்தாலே "விடு யெர்கா, பெருசு பண்ணாத" என்கிறாய். போன தடவை "சிக்னல் போகுது" என்று சொல்லி நீயாகவே வைத்துவிட்டாய். கப்பலில் எப்போது நிஜமாகவே சிக்னல் போகும், எப்போது உனக்குப் பேச்சு வேண்டாம் என்பதால் போகும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா? கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கீழ்வீட்டு ஆன்டே உன் கப்பலில் வேலைக்கு ஏற வியாழக்கிழமை சிங்கப்பூருக்குப் பறக்கிறான். இதை அவன் கையில் கொடுத்து, நீ கடைசி வரி வரை படித்து முடிக்கிறவரை பக்கத்தை விட்டு நகராதே என்று சொல்லப்போகிறேன். அவனும் பயந்த பிள்ளை, செய்துவிடுவான்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. மீன் முதலாளி வியேக்கோ உன்னிடம் கேட்டிருக்கும் அந்தக் கையெழுத்தை நீ போடக் கூடாது. சிங்கப்பூரில் இன்ஷூரன்ஸ்காரன் கப்பலேறி வந்து காகிதத்தை நீட்டுவான். கப்பலின் குளிர்க் கன்டெய்னர் பெட்டிகளுக்கெல்லாம் பொறுப்பான எலக்ட்ரீஷியன் நான், எங்கள் ஊர்ச் சூரைமீன் இருந்த பெட்டியின் அலாரத்தைச் சில நாள் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அதில் இருக்கும். கவனிக்காமல் விட்டாயா? நீயா? நம் கல்யாண விருந்தில் ஹோட்டல் ஃப்ரிட்ஜ் என்னவோ சத்தம் போடுகிறது என்று கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அதன் பின்னால் போய்க் குந்தினவன் நீ. அப்பா என் காதில், "இன்னும் நேரமிருக்கு பொண்ணே, யோசிச்சுக்க" என்றார். அலாரத்தைக் கவனிக்காமல் விட்டானாம்!

நடந்ததை ஊரில் யாரும் இப்போது வாயால் சொல்வதில்லை. அதனால் நான் எழுதியே வைக்கிறேன். டிசம்பரில் புனித நிக்கோலா திருநாளுக்குத் தோன் யூரே சாமி துறைக்கு வந்து படகுகளை மந்திரிப்பது வழக்கம். இந்தத் தடவை வியேக்கோவுக்கு ஒரு புதுப் புத்தி. பருவத்தின் முதல் பெட்டி ஜப்பானுக்குப் போகிறது, அதுவும் நம் ஊர்க்காரன் இருக்கிற கப்பலிலேயே போகிறது, அதையும் சாமி மந்திரிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டான். மந்திரிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே மந்திரித்தால் ஆசீர்வாதம் உள்ளே போகாதா? ஒரு இரும்புக் கதவு ஆண்டவரையே தடுத்துவிடுமா? ஆனால் எதிர்க்கரை ஸாதாரிலிருந்து டெலிவிஷன்காரர்கள் வந்திருந்தார்கள். படத்தில் மீன் தெரிய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. திறக்கச் சொன்னான். அவனிடம் வேலை பார்க்கிற உன் தம்பி தோமேதான் திறந்தான்.

அன்று யூகோ. டிசம்பரிலும் சட்டைக்குள் வியர்க்க வைக்கும் அந்தத் தெற்கத்திய ஈரக் காற்று அடிக்கிற நாளில் முக்கியமான காரியம் எதையும் முடிவு செய்யாதே என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மைனஸ் அறுபதில் கல்லாகக் கிடந்த மீன். கதவு திறந்ததும் வெள்ளை மூட்டம் துறையெல்லாம் கொட்டியது. ஊரே வாயைப் பிளந்தது.

நான் ஃபெர்ரி டிக்கெட் கூண்டுக்குள் இருந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. வியேக்கோ பேசினான். மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தொப்பைக்காரர் பேசினார். பிறகு தோன் யூரே. அவருடைய ஜெபம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், வானத்தில் இருக்கிற ஒரு புனிதரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விடமாட்டார். பிறகு பாடகர் குழு. அதற்கப்புறம் வாத்தியக் குழு. நடுவில் தோமே போய் என்னவோ கேட்டான், "இருடா, படம் எடுக்கட்டும்" என்று வியேக்கோ அவனைத் தள்ளி நிறுத்தினான். பாதி ஊர் அந்த மூட்டத்துக்குள் நின்று பல்லைக் காட்டிப் படம் பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் டிக்கெட்டுக்கு வரிசை, கூண்டை விட்டு இறங்க முடியவில்லை. கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம், வாத்தியச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஸாதாரிலிருந்து ஃபெர்ரி வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏற்றித் திரும்பியும் போய்விட்டது. கதவு திறந்தேதான் இருந்தது.

உள்ளே போன ஈரக் காற்று என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். குளிர்ச் சுருளில் பனியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வெளியே மீட்டர் மைனஸ் அறுபது என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும், உள்ளே கதவோரத்து மீன் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கும். ரியேகா துறைமுகத்தில் பெட்டி கப்பலேறும்போது நீ மீட்டரைத்தான் பார்க்க முடியும், மீனின் வயிற்றுக்குள்ளா புகுந்து பார்ப்பாய்? மறுநாளே உள்ளே காற்று சரியாக ஓடவில்லை என்று கண்டுபிடித்தது நீ. பனியை உருக்கி, விசிறியை மாற்றி, செங்கடல் வெயிலில் அந்தச் சுடுகிற இரும்புமேல் ஏறி இறங்கி, "நம்ம ஊரு மீனுடி, விட முடியுமா?" என்று என்னிடம் சொன்னாயே, அது என்ன கனவா? அதற்குள் கெட வேண்டியது கெட்டுப்போயிருந்தது. அந்தப் பெட்டிகள் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே வைத்த குளிரைக் காப்பாற்றத்தான் செய்யும். இது நம் தீவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆறிப்போன காபியை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சுடவில்லையே என்று ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் போட்டு மிதிக்கிறவனை என்ன சொல்வது?

ஜப்பானில் வால்பக்கம் வெட்டிப் பார்த்தார்களாம். செக்கச் செவேலென்று இருக்க வேண்டிய சதை துருப்பிடித்த ஆணி நிறத்தில் இருந்ததாம். பச்சையாகத் தின்கிறவர்கள், நிறம் போய்விட்டால் அவர்களுக்கு அது மீனே இல்லை. மொத்தத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம்தான் வியேக்கோ நம் வீட்டுக்கு வந்தான். நிக்காவுக்கு ஞானத்தகப்பன் அல்லவா, வெறுங்கையோடு வருவானா? உப்பிட்டு உலர்த்திய முழுப் பன்றித்தொடை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான், நல்ல சரக்கு. நீ உட்காருகிற நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "கரையில கெட்டுதுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான் யெர்கா. கடல்ல கெட்டுதுன்னா முழுசும் குடுப்பான். கிர்ஷெவான் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், யாருக்கும் நஷ்டமில்ல" என்றான்.

யாருக்கும் நஷ்டமில்லையாம்! "அப்ப கிர்ஷெவானோட பேரு?" என்று கேட்டேன். "பேர வச்சு சூப்பா வைக்கப் போற? கப்பல்காரன் வேலைய விட்டுத் தூக்குனா தூக்கட்டும். எங்கிட்ட வந்து குளிர்க்கிடங்குக்கு மேலாளா உக்காரட்டும். தினம் சாயங்காலம் வீட்டுல சாப்பாடு. நீயும் இன்னும் எத்தன வருஷந்தான் தனியாப் படுத்துக் கெடப்ப?" என்றான். என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு என் படுக்கையைப் பற்றி அவன் கணக்குப் போடுகிறான். நான் அவனுக்குக் காபி போடவில்லை. நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒருவன் காபி இல்லாமல் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. அவனுக்கும் அது புரிந்தது, காது மடல் சிவந்துபோய்த்தான் போனான். நிக்கா பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி அவன் கார் கூரைமேல் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்சம் வெட்டி வைத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம் என்று இரண்டு பேருக்குமே பிறகு தோன்றியது.

ஆனால் என் வயிறு எரிகிறது அவனை நினைத்து அல்ல. அவன் கேட்டான், அவன் புத்தி அது, சின்ன வயதில் உன் கோலிக்குண்டைத் திருடிவிட்டு நீ தொலைத்தாய் என்று சொன்னவன்தானே. நீ என்ன சொன்னாய்? "எனக்கும் அலுத்துப் போச்சு யெர்கா. ஒரு கையெழுத்துதானே. வீட்டுக்கு வந்துடுறேனே" என்றாய். உன்மேல்தான் எனக்குக் கோபம், மற்றவர்கள் எல்லாம் உனக்குப் பிறகுதான்.

ஊர் எப்படியிருக்கிறது என்று கேள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை மும்முரமாக நடக்கிறது. துறைமுகக் காபிக் கடையில் அந்தத் திருநாள் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஜப்பானிலிருந்து செய்தி வந்த மறுநாள் அந்த ஆணியில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. ஆனால் ஸாதாருக்குப் போக எல்லாரும் என் கூண்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? ஒருவரையும் விடவில்லை. டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குக் கதவு தெறந்திருந்துதா, இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். டிரம்பெட் ஊதுகிற ஸ்லாவ்கோ சொல்கிறான், "நான் ஊதிட்டிருந்தேன் யெர்கா, ஊதுறப்ப எனக்குக் கண்ணு தானா மூடிக்கும்" என்று. ரொட்டிக்கடைக்காரி, "கதவா? எந்தக் கதவு?" என்கிறாள். அந்த மூட்டத்துக்குள் நின்று எடுத்த படத்தைத்தான் போனில் முகப்பாக வைத்திருந்தாள், இப்போது பூனைப்படம் இருக்கிறது. பாதி ஊர் வியேக்கோவிடம் வேலை பார்க்கிறது, மீதிப் பாதிக்கு அங்கே வேலை பார்க்கிற பிள்ளை இருக்கிறது. வயிற்றுக்குப் பயப்படுகிறார்கள், அது எனக்கும் புரிகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று விட்டுவிட்டு அவர்களால் எப்படித் தூங்க முடிகிறது என்பதுதான் புரியவில்லை.

தோமேயும் தூங்குகிறான் போலிருக்கிறது. கூடப்பிறந்தவன், கதவைத் திறந்த கை அவனுடையது, என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறான்.

தோன் யூரேயிடமும் போனேன். "சாமி, நீங்க பாத்தீங்கல்ல" என்றேன். "ஆசீர்வாதத்தால மீன் கெட்டுப்போச்சுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்? ஆயர் காதுக்குப் போனா என்ன ஆகும்? ஜப்பான்காரன் நம்ம மதத்தப் பத்தி என்ன நெனப்பான்?" என்கிறார். "தீர்த்தத்தால கெடல சாமி, தெறந்த கதவால கெட்டுது" என்றேன். அவர் செபமாலையை உருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நான் கும்பிடாமலேயே எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் இன்று பூசைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். கடவுளோடு எனக்குச் சண்டை இல்லை, அவருடைய ஆளோடுதான்.

மற்றபடி வீட்டுச் செய்தி. ஒலிவ எண்ணெய் ஆட்டியாகிவிட்டது, இந்தத் தடவை கொஞ்சம் கசப்பு, ஆனால் நல்ல வாசனை. ஆன்டேயிடம் ஒரு புட்டி கொடுத்தனுப்புகிறேன், கப்பல் சமையல்காரன் கையில் கொடுத்துவிடாதே, பொரியல் சட்டியில் ஊற்றிவிடுவான். உலர்ந்த அத்திப்பழமும் கம்பளிக் காலுறையும் வைத்திருக்கிறேன். குளிர்ப்பெட்டிகளுக்கு நடுவில் நிற்கும்போது போட்டுக்கொள். நிக்காவுக்கு நர்ஸ் பரீட்சை முடிந்தது, நன்றாக எழுதியிருக்கிறாளாம், முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடல்பக்கத்து ஜன்னல் கதவுக்குக் கீல் போய்விட்டது. நீ வந்து பார்த்துக்கொள் என்று எழுத வந்தேன், வேண்டாம், ஆசாரியைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.


புதன்கிழமை

கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், கிழித்துத் திறந்துவிட்டேன். இன்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வியேக்கோ வேறொரு ஜப்பான்காரரைப் பிடித்திருக்கிறான். அவருக்கு அனுப்ப இன்னொரு பெட்டி தயார். முதல் பெட்டிக்குக் கண்ணேறு பட்டுவிட்டது, அதனால் இதை நன்றாக மந்திரித்து அனுப்ப வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். கண்ணேறாம்! இன்று அதற்கு நாள் குறித்திருந்தான். காலையிலிருந்தே பூரா, மலையிலிருந்து இறங்கி ஆளைத் தள்ளிவிடுகிற வடக்குக் காற்று, கடல் வெள்ளையாகக் கொதித்தது. ஃபெர்ரி ஓடவில்லை. ஃபெர்ரி ஓடாவிட்டால் எனக்குக் கூண்டில் வேலை இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு துறைக்கு நடந்தேன்.

கூட்டம் போன தடவை அளவுக்கு இல்லை, டெலிவிஷனும் இல்லை. வாத்தியக் குழுவில் பாதிப்பேர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மின்சாரம் கொடுத்துப் பெட்டியைத் துறையோரம் நிறுத்தியிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. சாத்தினது மட்டுமல்ல, தாழ்ப்பாள் எல்லாம் போட்டு இறுக்கியிருந்தது. தோன் யூரே ஒரே ஒரு சின்ன ஜெபம் சொன்னார். பதினைந்து வருஷத்தில் அவர் இவ்வளவு சின்னதாக ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை. தீர்த்தத்தைத் தெளித்தார், காற்று அதைத் திருப்பி அவர் மூக்குக்கண்ணாடியிலேயே அடித்தது. எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கதவு ஏன் சாத்தியிருக்கிறது?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "என்ன வியேக்கோ, கதவத் தெறக்கலையா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "குளிருது யெர்கா, வீட்டுக்குப் போ. ஒனக்கு இருமல் வந்தா கிர்ஷெவான் என்னத்தான் திட்டுவான்" என்றான். உன் பெயரை அவன் வாயால் கேட்டதும் எனக்கு மிச்சமிருந்த பயமும் போய்விட்டது. "போன தடவ ஈரக்காத்துல தெறந்து வச்சு மந்திரிச்சோமே. ஒண்ணும் ஆகலன்னுதானே சொல்ற? அப்ப இந்த மீனு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? இன்னைக்கு நல்ல குளிரு வேற. தெறக்கச் சொல்லு, சாமி ஆற அமர ஒரு ஜெபம் சொல்லட்டும்" என்றேன். பாடகர் குழுப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். "என்ன, சீல்கூட இன்னும் வைக்கல. ஏய் தோமே, நீதானே அன்னைக்குத் தெறந்த? வா, இன்னைக்கும் தெற" என்றேன்.

தோமே என்னைப் பார்த்தான். ஜப்பான் செய்தி வந்த நாளிலிருந்து அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு மெதுவாக நடந்து போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தான்.

வியேக்கோ கத்தினான் பார், பூராவையும் மீறி மணிக்கூண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "கைய எடுடா நாயே! பைத்தியமாடா ஒனக்கு? சூடு உள்ள போயி மொத்த மீனும் நாசமாயிடும்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எவ்வளவு சரி. அவன் சொல்லி முடித்தபிறகுதான் அவன் காதுக்கே அது எட்டியது. வாய் திறந்தபடி நின்றான். முதலில் சிரித்தது ஸ்லாவ்கோ. டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். ஊதுகிறபோது கண் மூடிக்கொள்ளும் அவனுக்குக் காது நன்றாகத்தான் திறந்திருக்கிறது. பிறகு ரொட்டிக்கடைக்காரி, "அப்ப அன்னைக்கு உள்ள போனது என்ன, மல்லிகை வாசனையா?" என்றாள். அவளா பேசியது என்று எனக்கே ஆச்சரியம். வியேக்கோ என்னைப் பார்த்துக் கையை ஆட்டி என்னவோ சொல்ல வந்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டான். நான் சிரிக்கவில்லை கிர்ஷெவான். எனக்கு அழுகைதான் வந்தது. இதைச் சொல்ல வைக்க ஒரு ஊருக்கு இத்தனை நாள் ஆனதே என்று.

சாயங்காலம் தோன் யூரே வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "என் ஜெபம் அன்னைக்கு ரொம்ப நீளம்தான்மா" என்றார். இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டால், கேட்காவிட்டால் தானே தேடிப்போய், தான் கண்ணால் பார்த்ததைச் சொல்வாராம். "ஆசீர்வாதத்தப் பத்தி வாயத் தெறக்க மாட்டேன். கதவப் பத்தி மட்டும் சொல்றேன். அது போதுமா?" என்றார். போதும் சாமி என்றேன். உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன்.

அவர் போனதும் தோமே வந்தான். சூப்பு வைத்துக் கொடுத்தேன், தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் காலி செய்தான். எழும்போது, "அண்ணி, அண்ணங்கிட்ட சொல்லு. தெறந்தது நாந்தான். எவன் கேட்டாலும் சொல்லுவேன். வேல போனாப் போகட்டும்" என்றான். அவனுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், இந்தத் தீவில் வேறு வேலை கிடையாது. அதைத் தெரிந்துகொண்டேதான் சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது நீ யோசி. சாமி சொல்வார், தோமே சொல்வான், ஊரே சிரித்துவிட்டது. ஆனால் நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இதெல்லாம் வெறும் காற்று. கெடுத்தவன் நான்தான் என்று நீயே எழுதிக் கொடுத்தபிறகு அவர்கள் இரண்டு பேரும் பொய்யர்கள் ஆகிவிடுவார்கள். உன் தம்பி வேலையையும் இழந்து பொய்யன் என்ற பெயரையும் வாங்குவான். வியேக்கோ இந்நேரம் உனக்கு போன் போட்டிருப்பான், கெஞ்சியிருப்பான், அழுதும் இருப்பான், அவனுக்கு அழுகை நன்றாக வரும். நிக்காவின் ஞானத்தகப்பன் என்பான். அந்த உறவை மறந்தது யார் என்று அவனிடமே கேள்.

உனக்கு அலுத்துவிட்டது என்று தெரியும். எனக்கு அலுக்கவில்லையா? அவன் சொன்ன அந்த வேலையை நான் வேண்டாம் என்று சொன்னேனே தவிர, அன்று இரவு முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ மலைப்படி ஏறி வருவாய், சைக்கிளைச் சுவரில் சாய்ப்பாய், பசிக்குது என்பாய். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தக் கையெழுத்தோடு நீ வந்தால், காலையில் குளிர்க்கிடங்குக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்கள் உன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நடந்தது தெரிந்தவர்களும் கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். கப்பலில் அலாரம் அடிக்கத் தூங்கிப்போய் ஊர் மீனைக் கெடுத்தவன் என்பதுதான் மிஞ்சும். நீ சாது, எதிர்த்துப் பேச மாட்டாய். ஒரு நாள் நீயே அதை நம்ப ஆரம்பித்துவிடுவாய். அப்படி ஒரு ஆள் தினமும் வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியாது.

கல்யாணமான நாளிலிருந்து உனக்கு எழுதிய அத்தனை கடிதங்களையும் சீக்கிரம் வந்து சேர் என்றுதான் முடித்திருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் அதை எழுத மாட்டேன். புனித நிக்கோலா உன்னைக் காப்பாற்றட்டும், உன் பேனாவையும் காப்பாற்றட்டும். நீ கடலிலேயே இரு.

உன்
யெர்கா